கூத்துக்கு ஒரு கணக்கு, சோற்றுக்கு ஒரு கணக்கு

நூறு பேர் கையால் சோறு சாப்பிட்டால் நூறு பேரும் கை கழுவ எழும்ப வேண்டும். மண்டபத்தில் நாலு குழாய், ஆளுக்கு 40 விநாடி என்று வைத்தால் மொத்தம் 1,000 விநாடி, கிட்டத்தட்ட 17 நிமிடம். மேடையில் அந்த நேரம் கோவலன் சிலம்பை விற்கப் புறப்படுகிறான் என்றால், அவன் ஆடுவது கதிரை இழுபடும் சத்தத்துக்குத்தான். இராச்சாப்பாட்டையும் ஆட்டத்தையும் ஒரே ரிக்கெற்றில் விற்கும் மண்டபங்கள் ஏன் நிலைப்பதில்லை என்று கேட்டால் பலர் கைத்தொலைபேசியைச் சொல்வார்கள், சனத்தின் இரசனை கெட்டுவிட்டது என்பார்கள். குழாயை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இலங்கையின் வன்னியில் சோற்றையும் கூத்தையும் சேர்த்து விற்கும் எண்ணம் எழுவதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணம் போகும் ஏ9 பெருந்தெரு திறந்துவிட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் வரை போனது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குளிரூட்டிய கல்யாண மண்டபங்கள் எழும்பின. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவை சும்மா கிடக்கின்றன. ஆடி, ஆவணியில் கனடா, ஐரோப்பாவிலிருந்து பிள்ளைகளோடு வருபவர்கள் ‘எங்கட கூத்தைப் பார்க்க இடமில்லையா’ என்று கேட்கிறார்கள். மண்டபம் இருக்கிறது, சமையலாள் இருக்கிறார், ஆடத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்தால் ஒரு தொழில் என்றுதான் எவருக்கும் தோன்றும். சேர்க்கும்போது என்ன நடக்கிறது என்பதை, வெளிநாடுகளில் இதே தொழில் பெரிதாக நடந்து முடிந்த விதத்தோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

பாரிஸில் லீடோ 1946இல் திறந்தது. சாப்பாட்டு மேசையிலிருந்தே பெரிய ஆட்டக் காட்சி பார்க்கும் முறையை உலகுக்குப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் 1953இல் வேர்ஜினியா மாநிலத்தின் ஹனோவரில் ஒரு பழைய சத்திரத்தில் நாடகத்தோடு சாப்பாடு கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த இருபது வருடங்களில் நகர ஓரங்களில் இந்த வகை அரங்குகள் பெருகின. லாஸ் வேகாஸின் சூதாட்ட ஹொட்டேல்களும் இரவுச் சாப்பாட்டோடு நடனம் காட்டின. அங்கே சாப்பாடும் ஆட்டமும் தங்கள் செலவைத் தாங்களே தேடவில்லை, சூதாட்ட மேசையில் விழுந்த காசுதான் ஆடியவர்களுக்குச் சம்பளமானது. பிறகு ஒவ்வொரு பகுதியும் தன் இலாபத்தைத் தானே காட்ட வேண்டும் என்று நிர்வாகங்கள் சொல்லத் தொடங்கின. முதலில் சாப்பாடு நின்று குடிவகை மட்டும் வந்தது, பிறகு மேசைகள் போய் வரிசைக் கதிரை வந்தது, கடைசியில் ஆட்டமே போனது. ட்ரொப்பிக்கானா ஹொட்டேலில் 1959இல் தொடங்கிய ஃபொலி பெர்ஜேர் ஆட்டம் 2009இல் நின்றது. 1981இல் தொடங்கிய ஜுபிலி 2016இல் நின்றது. லீடோவின் நிரந்தர ஆட்டக் குழுவையும் 2022இல் கலைத்துவிட்டார்கள்.

அதே பாரிஸில் 1889இல் திறந்த மூலான் ரூஜ் இன்னும் நடக்கிறது. அங்கே இருக்கைகள் சுமார் 850, ஆடுபவர்கள் அறுபது பேரளவில். இரவு 7 மணிக்குச் சாப்பாடு, 9 மணிக்கு ஆட்டம். அதே குழு அதே இரவில் இரண்டாம் தரமும் ஆடும், அதற்குச் சமையலறை தேவையில்லை. இரண்டு காட்சியும் நிறைந்தால் ஓர் ஆட்டக்காரருக்கு 28 பார்வையாளர். இந்த 28ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏ9 ஓரத்து மண்டபம். இருக்கை நூறு என்று வைப்போம். ஆடுபவர் பன்னிரண்டு, மத்தளம், ஹார்மோனியம், சல்லாரித் தாளம், பின்பாட்டு என்று நாலு பேர், ஆக பதினாறு. மண்டபம் நிறைந்தாலும் ஒரு கலைஞரைத் தாங்குவது ஆறு பேர்தான். பாதி நிறைந்தால் மூன்று பேர். சமையலறையின் கணக்கு வேறு மாதிரி. ஒரு கிலோ அரிசிச் சோறு ஏழெட்டுப் பேருக்குப் போதும், எலும்போடு ஒரு கிலோ கோழி ஐந்தாறு பேருக்குக் காணும். நூறு பேருக்கு 14 கிலோ அரிசி, 18 கிலோ கோழி. அறுபது பேர்தான் வருவார்கள் என்று மத்தியானம் தெரிந்தால் கிடாரத்தில் போடும் அரிசியை எட்டரைக் கிலோவாகக் குறைக்கலாம். கோவலனைப் பாதியாகக் குறைக்க முடியாது. சோறு தலைக்கணக்கு, கூத்து நாட்கணக்கு. ஒரே ரிக்கெற்றில் இரண்டையும் கட்டினால், ஆள் குறையும் இரவில் ஒன்றின் நட்டத்தை மற்றது சுமக்க வேண்டியிருக்கும், அதைச் சுமக்கும் அளவுக்குச் சோற்றில் இலாபம் வைக்க முடியாது. வைத்தால் பக்கத்துக் கடையில் அரை விலைக்குக் கொத்து கிடைக்கும்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. போமோல், போவன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1960களிலேயே சொன்னது இது: தொழிற்சாலையில் ஒருவர் செய்யும் வேலையளவு வருடா வருடம் கூடும், மேடையில் அப்படிக் கூடாது. நாலு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றைக்கும் நாலு பேர்தான் வேண்டும். ஊரில் கூலி ஏறும்போது அவர்களின் கூலியும் ஏறும், ஆனால் அவர்கள் ஒரு மணி நேரத்தில் ஆடுவது அதே ஒரு மணி நேர ஆட்டம்தான்.

அப்படியானால் வன்னியில் இரவிரவாகக் கூத்து எப்படி நடந்தது? அங்கேயும் சாப்பாடு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் விற்பனைக்கு இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் தேங்காயும் வீடுகளிலிருந்து வரும், பொங்குவது நேர்த்திக்கடன். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்தும், மாரியம்மன் கோயில்களில் காத்தவராயன் கூத்தும் ஆடியவர்களில் பலர் நேர்த்திக்காகவே ஆடினார்கள். பழக்கம் மாதக்கணக்கில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சொல்லும் முற்றத்தில் நடக்கும், அந்த வீட்டுக்காரர் தேத்தண்ணி கொடுப்பார். அண்ணாவியாருக்கு மரியாதைப் பணம் உண்டு, ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது. கச்சான்காரியும் தேத்தண்ணிக் கொட்டில்காரரும் கூத்தாடும் களரிக்குத் தள்ளி, தங்கள் பாட்டில் யாபாரம் செய்தார்கள். கூத்து விடியப்புறம் வரை போகும். பசித்தவர் தனக்கு அலுப்பான பாத்திரத்தின் வரவு ஆட்டம் வரும்போது எழும்பிப் போய்க் குடித்துவிட்டு, கண்ணகி வரும் நேரம் திரும்பி வருவார். எட்டு மணி நேர ஆட்டத்தில் 17 நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. வேகாஸில் சூதாட்டம் செய்த வேலையை இங்கே நேர்த்தி செய்தது. ஆட்டத்தின் செலவு வேறொரு மடியிலிருந்து வந்தது.

அந்த மடி இப்போது சுருங்கிவிட்டது. 2008, 2009 இடப்பெயர்வில் ஊர்களே கைவிடப்பட்டபோது வீட்டோடு போனவற்றில் உடுப்புப் பெட்டிகளும் பாட்டுக் கொப்பிகளும் இருந்தன. திரும்பிவந்த ஊர்களில் பழைய அணிகள் பழையபடி கூடவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு 2007இல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடும் இருக்கிறது. மைக் இல்லாமல் ஆடிய காலத்துத் தொண்டை இன்றைய பெடியளிடம் இல்லை. ஆகவே கூத்தை மண்டபத்துக்குள் கொண்டுவரும் யோசனையில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பிரச்சினை மண்டபத்தில் தொடங்குகிறது.

மேசையும் தரையும் புகையும்

வரிசையாகக் கதிரை போட்டால் ஒருவருக்கு ஏழெட்டுச் சதுர அடி போதும். மேசை போட்டு, பரிமாறுபவர் போய்வர வழி விட்டால் பதினைந்து வேண்டும். 1,500 சதுர அடி மண்டபத்தில் கூத்து மட்டும் காட்டினால் 200 பேர், சாப்பாட்டோடு என்றால் 100 பேர். முதல் நாளிலேயே பாதி ரிக்கெற் போய்விட்டது. அதோடு, வட்ட மேசையில் எட்டுப் பேர் இருந்தால் மூன்று பேருக்காவது மேடை முதுகுப்பக்கம். மேடையைப் பார்த்த அரைவட்டத்தில் மட்டும் கதிரை போட்டால் மேசைக்கு ஐந்து பேர்தான், இருக்கை இன்னும் குறையும். கல்யாணத்துக்கு வாங்கிய மேசைகளையே வைத்துச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் பிழைவிடும் முதல் இடம் இது. நீள மேசையை மேடைக்குச் செங்குத்தாகப் போடுவது பரவாயில்லை. எல்லோரும் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

மேடைத் தரை அதைவிட முக்கியம். களரி மண் தரை, கால் விழும்போது கொஞ்சம் இடம் கொடுக்கும். மண்டப மேடை சீமெந்தில் மாபிள் ஒட்டியது, இடம் கொடுக்காது. வாரத்துக்கு இரண்டு இரவு, பழக்கத்துக்கு மூன்று நாள் என்று அதில் மிதித்தால் சில மாதத்தில் கணைக்கால் எலும்பிலும் முழங்காலிலும் நோ தொடங்கும். நல்லாய் ஆடும் பிள்ளைதான் பலமாக மிதிக்கும், ஆகவே நல்ல பிள்ளைதான் முதலில் நிற்கும். இதற்குப் பரிகாரம் பெரிய செலவில்லை. இரண்டங்குல மரச் சட்டத்தை 16 அங்குல இடைவெளியில் போட்டு, அடியில் ரப்பர் துண்டுகள் வைத்து, மேலே 12 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டு அடுக்கு அடிக்க வேண்டும். மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டுக்கு நேரே வரக்கூடாது, வந்தால் அந்த இடம் சில மாதத்தில் பதியும். சட்டம் முதிரையாக இருந்தால் கறையான் தொடாது. வேறு மரம் என்றால் மாரியில் ஈரம் ஏறி அடுத்த சித்திரைக்குள் உள்ளால் தின்றுவிடும். இடைவெளியை வெறுமையாக விட்டால் ஜதி போடும்போது மேடையே மத்தளம்போல முழங்கி, மைக் அதை இழுத்துப் பாட்டை மூடும். தும்புப் பாயை மடித்து உள்ளே அடைத்தால் அந்த முழக்கம் அடங்கும்.

சமையலறையோடு வரும் தொல்லை தாளிதம். செத்தல் மிளகாய் எண்ணெயில் விழுந்த கமறல் குளிரூட்டிய மண்டபத்துக்குள் ஒருமுறை வந்தால் வெளியே போக வழியில்லை. சாப்பிடுபவர் ஒருமுறை தும்மிவிட்டுச் சிரிப்பார், பின்பாட்டுக்காரரின் தொண்டை அன்றைக்கு முழுவதும் கட்டிவிடும். சமையலறையின் காற்று வெளித்தள்ளும் விசிறி மண்டபத்திலிருந்து காற்றை இழுக்கும் அளவுக்குப் பலமாக இருக்க வேண்டும், இடையில் இரண்டு கதவு வேண்டும், ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். ஆனால் அந்த விசிறியின் இரைச்சல் கண்ணகி ஒப்பாரி வைக்கும் நேரத்தில் காதில் விழும். ஆகவே சமையல் ஆட்டத்துக்கு முன் முடிய வேண்டும். முடிந்த கறியை 63 பாகைக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பதற்கு முன் வயிறு கேட்கும். ஆட்டு இறைச்சிக் கறி இந்தச் சூட்டில் இரண்டு மணி நேரம் நின்றால் இன்னும் ருசிக்கும். இடியப்பம் அரை மணி நேரத்தில் வறண்டு நாராகும். நந்திக்கடல் இறாலைச் சொல்லிக் கூட்டம் சேர்க்கலாம், ஆனால் சூட்டில் காத்திருந்த இறால் ரப்பர்தான். எல்லோரும் விரும்பும் பண்டமும் காத்திருக்கக்கூடிய பண்டமும் ஒன்றல்ல.

மின்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நூறு பேருக்குக் குளிரூட்டி, மேடை வெளிச்சம், ஒலி, சமையலறை விசிறி எல்லாம் சேர்ந்தால் 30 கேவிஏ ஜெனரேற்றர் வேண்டும். ஓடினால் மணிக்கு 5 முதல் 6 லீற்றர் டீசல். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது, டீசலும் இல்லை, காஸும் இல்லை. ரிக்கெற் முன்கூட்டியே விற்கும் தொழில் அப்படியான மாதத்தில் காசைத் திருப்பிக் கொடுக்கும் தொழிலாகிவிடும்.

கை கறியில் இருக்கும்போது

சாப்பிடும்போதே ஆட்டம் நடந்தால் என்ன என்று கேட்பவர்கள், ஒரு மேசையில் இருந்து பார்க்க வேண்டும். வலது கை குழம்பில். கை தட்ட முடியாது. தீர்மானம் என்ற முடிப்பு ஜதி முடிந்து ஆடுபவர் நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டு விநாடியில் மண்டபத்தில் கேட்பது கோப்பைச் சத்தம். சிலர் இடது கையால் மேசையைத் தட்டுவார்கள். ஆடுபவருக்கு அது கைதட்டாகக் கேட்காது, தண்ணீர் கேட்கிறார்கள் என்றுதான் கேட்கும். கரண்டியால் சாப்பிடும் பாரிஸ்காரருக்கு வராத பிரச்சினை இது. அவர்களே சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டுத்தான் திரை திறக்கிறார்கள் என்றால் நாங்கள் சேர்த்து நடத்த நியாயமே இல்லை.

ஆகவே ஒழுங்கு இப்படித்தான் வர முடியும்: ஆறேகாலுக்குக் கதவு திறந்து, ஆறரைக்குப் பரிமாறத் தொடங்கி, ஏழேகாலுக்குக் கடைசிப் பந்தி முடிய வேண்டும். கை கழுவ இருபது நிமிடம், மேசை துடைக்க ஐந்து. குழாயை எட்டாக்கினால் அதில் பாதி மிச்சம். ஏழே முக்காலுக்கு மத்தளம், ஒன்பதுக்கு முன் மங்களம். பத்து மணிச் சட்டத்துக்கும் இது பொருந்தும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போக வேண்டியவர்கள் யானை றோட்டுக்கு வருமுன் வீடு சேரவும் வசதி. மூலான் ரூஜின் இரண்டாம் காட்சி என்ற வழி இங்கே அடைபட்டிருப்பதையும் கவனியுங்கள். ஒன்பதுக்குப் பிறகு இன்னொரு காட்சிக்கு நேரமும் இல்லை, சட்டமும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் என்ன ஆடுவது? கோவலன் கூத்தில் ஒரு பாத்திரத்தின் வரவே பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். சுருக்கி எழுதினால் சிலம்பு விற்கும் கட்டத்தை மட்டும் எடுக்கலாம், அதில் கதையும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. காத்தவராயன் கழுமரம் ஏறுவதைத் தொட முடியாது. அந்தப் பாத்திரக்காரர் விரதம் இருந்து ஆடும் கட்டம் அது, ஆட்டிறைச்சிக் கறிக்குப் பக்கத்தில் வைத்தால் அதே இரவில் மண்டபத்துக்கு வெளியே நின்று ஊர் கேட்கும். கேட்பது சரிதான். அப்படியே கழித்துக்கொண்டு போனால் மிஞ்சுவது கும்மி, கோலாட்டம், கரகம், செம்பு நடனம், அரிவுவெட்டு ஆட்டம், இடையில் ஒரு பரதம். ஒருமுறை பார்க்க நல்லாயிருக்கும். மூன்றாம் முறை வருபவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

மூன்றாம் முறை வருபவர்கள் இல்லாமல் கணக்கு ஓடாது. வாரத்துக்கு இரண்டு இரவு, வருடத்துக்கு ஐம்பது வாரம் என்றால் விற்க வேண்டிய இருக்கை 10,000. 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டத்துச் சனத்தொகை சுமார் 1,13,500. கைக்குழந்தை முதல் கிழவி வரை பதினொரு பேருக்கு ஒருவர் வருடத்தில் ஒருமுறை வந்தாக வேண்டும். கண்டியில் தலதா மாளிகைப் பக்கத்தில் மாலைக்கு மாலை நடக்கும் நடனக் காட்சிகள் நிலைப்பது அங்கே ஒவ்வொரு நாளும் புதிய சுற்றுலாப் பயணி வந்து இறங்குவதால். அதுவும் சுமார் ஒரு மணி நேரக் காட்சி, சாப்பாடு இல்லை. பார்த்தவர் எழும்பித் தன் ஹொட்டேலுக்குப் போய்ச் சாப்பிடுவார். வன்னியில் வாகனங்கள் முறிகண்டியில் நின்று, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும்.

இருப்பவர்களையும் நாட்காட்டி பிரித்துவிடும். உலகமெல்லாம் இந்தத் தொழிலுக்கு நல்ல இரவு வெள்ளி. இங்கே வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லை, கோயில் உண்டு. சனி நல்ல நாள், ஆனால் புரட்டாசிச் சனி விரதம். ஞாயிறு என்றால் அடுத்த நாள் பள்ளிக்கூடம். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி மழை, காலபோக நெல் வயலில். கந்தசஷ்டியும் அதற்குள் வரும். ஓகஸ்ற் 15 அன்று மடுத்திருவிழா, அதே பருவத்தில் நல்லூர்க் கொடியேற்றம், வெளிநாட்டுக்காரரும் அங்கேதான். கழித்துப் பார்த்தால் ஐம்பது வாரம் இருபதாகிவிடும்.

கடுதாசி வேலைகள் சுருக்கமாக: 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைச் சட்டப்படி பிரதி அனுமதி, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, நுழைவுச்சீட்டுக்கு உள்ளூராட்சிச் சபையின் கேளிக்கை வரி. சாப்பாட்டையும் ஆட்டத்தையும் ஒரே தொகையாக அடித்தால் முழுத் தொகைக்கும் கேளிக்கை வரி கேட்க இடம் கொடுத்தது மாதிரி. இரண்டு துண்டாக அடிப்பதே புத்தி.

வீழ்ச்சி திடீரென்று வருவதில்லை. முதல் சில வாரம் சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் வருவார்கள், அதில் பாதி ஓசி ரிக்கெற், அதைச் சனம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பிறகு ‘வாறம்’ என்று போனில் சொன்னவர்கள் வரமாட்டார்கள், பதினாலு கிலோ அரிசிச் சோற்றில் ஆறு கிலோ அரிசியின் சோறு மிஞ்சும். ‘வாறம்’ முற்பணம் அல்ல. அடுத்ததாகப் பின்பாட்டுக்காரரும் சல்லாரியும் நிற்பார்கள், பாட்டு பதிவில் ஓடும். பதிவுக்கு ஆடும்போது ஆடுபவர் தவறினால் மத்தளம் காத்திருந்து அணைக்காது, தவறு தவறாகவே தெரியும். பிறகு பன்னிரண்டு பேர் ஆறாவார்கள், கோலாட்டத்தில் சோடி குறையும், அந்த வெறுமையை நிரப்ப இரண்டு சினிமாப் பாட்டு வரும். சினிமாப் பாட்டுக்கு ஆடுவதைக் கல்யாண வீட்டில் சும்மா பார்க்கலாம் என்பது சனத்துக்குத் தெரியும்.

அதோடு முகூர்த்தச் சனிக்கிழமைக்கு ஒரு கல்யாணக்காரர் வந்து கேட்பார். வெறும் மண்டப வாடகையே நூறு ரிக்கெற்றில் மிஞ்சும் இலாபத்தைவிடக் கூட, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் காசு நிச்சயம். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் ‘இந்தக் கிழமை மட்டும்’ நிற்கும். மண்டபக்காரரைக் குறைசொல்ல முடியாது, கடன் அவர் பெயரில் இருக்கிறது.

நடத்தியே தீர வேண்டும் என்பவருக்குக் கணக்கு அனுமதிக்கும் வழி ஒன்று இருக்கிறது. கிழமைக் கிழமை ஆடும் குழுவை வைக்கக்கூடாது. பங்குனியிலிருந்து ஆவணிக்குள் ஆறேழு இரவு, அதில் இரண்டு வெளிநாட்டுக்காரர் நிற்கும் காலத்தில். ஊரில் ஏற்கெனவே கோயிலுக்குப் பழகிய அணியை அந்தப் பழக்கத்தின் சூட்டிலேயே, கோயிலில் ஆடி முடிந்த பிறகு அழைக்க வேண்டும். உடுப்பும் ஒத்திகையும் அங்கேயே முடிந்திருக்கும், இங்கே கொடுப்பது இரவுக் கூலி மட்டும். கூத்துக்கு வரிசைக் கதிரை, இருநூறு பேர், தனி ரிக்கெற். சாப்பாடு வெளிமுற்றத்தில் படங்கின் கீழ், விரும்பியவருக்கு, தனிக் காசு: குத்தரிசிச் சோறு, ஆட்டுக்கறி, சைவம் வேறாக, எருமைத் தயிர். பாலைப்பழக் காலம் என்றால் வாசலில் ஒருவர் பழம் விற்கட்டும், அவரிடம் வாடகை கேட்க வேண்டாம். முற்றத்தில் எட்டுக் குழாய்.